நகரும் பாகம்

டேப்பின் நுனியை மாமியார்தான் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் சாய்ந்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய், தலைமாட்டுச் சுவரில் அந்தத் தகரக் கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தியிருந்தார். அவள் டேப்பை இழுத்துக்கொண்டு கூடத்தின் முன்சுவர் வரைக்கும் போனாள். மஞ்சள் நாடா தலையணையைத் தாண்டி, போர்வையைத் தாண்டி, கால்மாட்டில் நின்ற வாக்கரின் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, வாசலுக்கும் ஜன்னலுக்கும் இடைப்பட்ட சுவரைத் தொட்டது. கூடத்தின் நடு அது. புதுச் சுவர் அங்கேதான் எழும்பப்போகிறது.

“ஆடாம பிடிச்சிருக்கேனா?”

“பிடிச்சிருக்கீங்க அத்தை.”

“எவ்வளவு வருது?”

சொன்னாள்.

“அவ்வளவுதானா? கூட்டிப் பெருக்கறப்ப இன்னும் நீளமா இருக்குமே.”

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. டேப்பின் பொத்தானை அழுத்தினாள். நாடா மாமியாரின் மேல் உரசிக்கொண்டு சரசரவென்று திரும்பி வந்தது.

மாமனார் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை தடித்துப் பேசிக்கொண்டதில்லை. அதனால்தான் வீட்டைப் பிரிக்கிறார்கள். சண்டை வருவதற்கு முன்னால் சுவர் வந்துவிட வேண்டும் என்பது அவள் கணவனின் கட்சி. கணவன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சாமான்களை இடித்துக்கொள்ளாமல் வரிசையாக நிறுத்திவைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த சமாதானம். தம்பிக்குப் பெயிண்ட் கடை. கூடத்துக்கு இடது பக்கத்து அறை அண்ணனுக்கு, வலது பக்கத்து அறை தம்பிக்கு என்பது இருவருக்கும் கல்யாணம் ஆனதிலிருந்தே இருக்கிற ஏற்பாடு. சுவர் வந்தால் கூடமும் இரண்டாகும். ப்ளானை யார் போடுவது என்ற பேச்சே எழவில்லை. “அண்ணி வரைஞ்சா ஒருத்தரும் வாயத் திறக்க முடியாது” என்றான் தம்பி. அவள் வேலை பார்ப்பது வால்வு தயாரிக்கும் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில்.

எல்லாவற்றையும் பேசினார்கள். சமையலறை அண்ணனுக்கு, அதற்கு ஈடாகப் பின்னால் இருக்கிற காலி இடம் தம்பிக்கு. குளியலறை அண்ணன் பக்கம் வருகிறது, தம்பி புதிதாகக் கட்டிக்கொள்வான். கரண்ட் மீட்டர், தண்ணீர்த் தொட்டி, மாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பி வரைக்கும் பேசி முடித்தார்கள். அத்தனையும் பேசியது கூடத்தில்தான். நடுக்கூடத்தில் இரும்புக் கட்டிலில் மாமியார் படுத்திருந்தார். பேச்சு அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போயிற்று, வீட்டில் நடக்கிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போவது போலவே.

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மாமியாருக்குக் கூடத்தில்தான் படுக்கை. அங்கிருந்து குளியலறை கிட்டே, ஜன்னலும் கண்ணுக்கு நேராக. வாக்கரைப் பிடித்து நிற்பார். நிற்பதற்கு ஒருவர் தூக்கிவிட வேண்டும். உட்காருவதற்கு ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். ராத்திரியில் “ஏம்மா” என்பார். பெயர் சொல்லமாட்டார், யாரையும் குறிப்பிட்டுக் கூப்பிடமாட்டார். அந்தக் குரலுக்கு இரண்டு அறைக் கதவும் ஒரே தூரம்தான். திறப்பது ஒரு கதவு. கணவன் அடித்துப்போட்டது போலத் தூங்குவான். அவள் எழுந்து போவாள். ஒரு ராத்திரிக்கு இரண்டு முறை, சில ராத்திரிகளில் அதற்கு மேலும். திரும்பி வந்து படுத்தால் தூக்கம் எங்கோ தெருக்கோடிக்குப் போயிருக்கும். காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள்.

அவளுக்கு மாமியார் மேல் கோபம் கிடையாது. அது ஒன்றுதான் இதில் கஷ்டம். கோபம் இருந்தால் அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். விடிகிற வரைக்கும் தூங்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

*

ஆபீசில் அவளுக்குச் சிவப்பு மை என்று பெயர். மற்றவர்கள் வரைவதைச் சரிபார்ப்பது அவள் வேலை. தாள்கள் வரும், சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புவாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கோடுகளைச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். கண்ணுக்குத் தெரிகிற விளிம்புக்குத் தடித்த முழுக்கோடு. பின்னால் மறைந்திருப்பதற்கு விட்டு விட்டுப் போகும் கோடு. மையத்துக்கு, ஒரு நீண்ட கீற்றும் ஒரு குட்டிக் கீற்றும் மாறி மாறி. அளவுக்கு மெல்லிய முழுக்கோடு. “மெல்லிசுன்னா மங்கல்னு அர்த்தமில்ல” என்பாள் ஒவ்வொருவரிடமும். “கறுப்பு எல்லாத்துக்கும் ஒரே கறுப்புதான். பருமன்தான் வேற. வெளிறிப்போன கோட்டைப் பாத்து மெஷின்ல நிக்கிறவன் என்ன நினைப்பான்? அழிக்க மறந்துட்டாங்கன்னு நினைப்பான்.”

இன்னொரு கோடும் உண்டு. ஒரு நீண்ட கீற்று, இரண்டு குட்டிக் கீற்று, மறுபடி நீண்ட கீற்று. மெல்லிய கோடு. பேன்டம் லைன் என்பார்கள். வால்வின் கைப்பிடிக்கு அது வேண்டும். மூடியிருக்கும்போது கைப்பிடி ஓரிடத்தில் இருக்கும், திறக்கும்போது இன்னோரிடத்துக்குத் திரும்பும். இப்போது நிற்கிற இடத்தைத் தடித்த கோட்டில் வரைந்துவிட்டு, போகக்கூடிய இடத்தை இந்தக் கோட்டில் காட்ட வேண்டும். நகரும் பாகம் இங்கேயும் வரும் என்று அர்த்தம். பலகையில் பேனாவால் வரைந்த வருடங்களில் அவள் கை இதற்குப் பழகியிருந்தது. நீளமாக ஒரு இழுப்பு, கை தானாக எழும்பும், குட்டி, எழும்பும், குட்டி, எழும்பும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் போனில் பேசும்போது, காகித ஓரத்தில் அவள் கிறுக்குவது அந்தக் கோட்டைத்தான்.

வீட்டின் ப்ளானை மதிய இடைவேளைகளில் வரைந்தாள். வெளிச்சுவர்கள், வாசல், ஜன்னல், குளியலறைக்குப் போகும் தரையடிக் குழாய். நடுவில் புதுச் சுவர். தொழிற்சாலைத் தாள் மாதிரியே சுத்தமாக வந்தது. எல்லாவற்றையும் முடித்த பிறகு கட்டில் மிச்சம் இருந்தது. சுட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு இடது பக்கத்தில் ஒரு கட்டில் வரைந்தாள், பேன்டம் கோட்டில். அதையே பிரதியெடுத்து வலது பக்கத்திலும் வைத்தாள். கொஞ்ச மாதம் இங்கே, கொஞ்ச மாதம் அங்கே. நியாயமாகத்தான் பட்டது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாததைத் தாளில் போட்டுவிட்டால் அவர்களே பேசுவார்கள் என்றும் நினைத்தாள்.

பெரிய தாளில் படம் அச்சடிக்கும் பிளாட்டரிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு வந்தவர் எதிர் மேசைக்காரர். பூதக்கண்ணாடி இல்லாமல் எந்தத் தாளையும் பார்க்கமாட்டார். ஆபீசில் அவர் பெயரும் பூதக்கண்ணாடிதான். அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர். இருவரும் ஒருவர் தப்பை ஒருவர் பிடிப்பதில் எத்தனையோ வருடத்துப் போட்டி.

“சிவப்பு மைக்கே இன்னிக்குச் சிவப்பு மை” என்றார். தாளை அவள் மேசையில் பரப்பினார். “இதென்ன, கட்டிலா?”

“ஆமா.”

“ரெண்டா?”

“ஒண்ணுதான். ரெண்டு இடத்துல.”

“அது தெரியுது. ரெண்டுமே பேன்டமா இருக்கே. அப்ப கட்டில் எங்கம்மா இருக்கு?”

அவள் பார்த்தாள்.

“நேத்து அந்தப் பையன் கைப்பிடியை ரெண்டு இடத்துலயும் பேன்டம்ல போட்டதுக்கு அவனை என்ன பாடு படுத்தின? இது எங்கயுமே இல்லாத கைப்பிடியான்னு கேட்டியே, அவன் சாப்பிடக்கூட வரல.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணாவது தடிச்ச கோட்டுல இருக்கணும். எதுன்னு நீதான் சொல்லணும், எனக்கு உன் வீடு தெரியாது.”

“மாத்திடறேன்.”

“யாரு கட்டில்?”

“மாமியாருது.”

அவர் தாளைத் திரும்பச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அவள் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் மாற்றவில்லை. அன்றைக்கு ஏற்றுமதிக்குப் போக வேண்டிய தாள்கள் குவிந்து கிடந்தன. அதுவும் ஒரு காரணம்.

*

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தார்கள். தம்பி குனிந்து பார்த்தான். “அண்ணி, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு” என்றான். குழாய் எங்கே பிரிகிறது, சுவரின் பருமன் யார் பக்கத்திலிருந்து போகும் என்று கேட்டான். இரண்டு பக்கமும் பாதிப் பாதி என்றாள். ஜன்னலை இடித்துத் தன் வீட்டுக்கு வாசல் வைக்கப்போவதாகச் சொன்னான். அப்படியும் செய்யலாம் என்றாள்.

ஓரகத்தி, தம்பியின் மனைவி, தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். கழுத்தில் அளவு டேப், உதட்டில் இரண்டு குண்டூசி. ஊசிகளை எடுத்து ரவிக்கை ஓரத்தில் குத்திக்கொண்டு, விரலால் தாளைத் தொட்டாள்.

“இது என்னக்கா, ரெண்டு பக்கமும் ஏதோ விட்டு விட்டு?”

“கட்டில்.”

மாமியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அத்தைக்கு உங்க கைதான்கா பழக்கம்” என்றாள் ஓரகத்தி. குரலை இறக்கித்தான் சொன்னாள். “நான் போன வாரம் தூக்கிவிட்டேன், வலிக்குதுன்னுட்டாங்க. எனக்கும் முதுகு போச்சு. நாளெல்லாம் குனிஞ்சே உக்காந்திருக்கேன்.”

“நீ வீட்டுல இருக்க. நான் பகல்ல இல்ல.”

“வீட்டுல இருந்தா சும்மாவா இருக்கேன்?”

“சும்மான்னு நான் சொல்லல.”

“அடடா, இதெல்லாம் ப்ளான்ல எதுக்கு?” என்றான் தம்பி. “அம்மாவ யாரு விட்டுடப் போறா? அப்புறம் பேசிக்கலாம். கொத்தனாருக்கு இது தேவையே இல்ல.” தாளைச் சுருட்டினான். அதைச் சின்னதாக்கி ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் காப்பி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அறைக்குள் வந்து கணவன் சட்டையைக் கழற்றினான். “அம்மா நம்ம பக்கந்தான்னு நான் நினைச்சிட்டிருந்தேன்” என்றான்.

“யாரு பாத்துக்குவா?”

“இப்ப யாரு பாக்கறா? நீதானே.”

“நான் முழுசா ஒரு ராத்திரி தூங்கி எவ்வளவு நாளாச்சுன்னு தெரியுமா?”

“ஒரு வாரம் லீவு போடேன்.”

அவனைப் பார்த்தாள். அவன் கேலி பண்ணவில்லை. அவளுக்கு உதவத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். கிடங்கில் ஒரு வரிசை நிரம்பிவிட்டால் அடுத்த வரிசை இருக்கும். அவன் பழகிய இடம் அப்படி.

தம்பி காப்பிகளோடு திரும்பி வந்தான். ப்ளான் தொழிற்சாலைத் தாளில் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. அவள் தன் பங்கை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். சுவர்கள் இருந்தன. வாசலும் ஜன்னலும் இருந்தன. குழாய்க்கோடு கொஞ்சம் கிழிந்து தெரிந்தது. கட்டில்கள் இல்லை. இடது பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு குட்டிக் கீற்று, கொசு உட்கார்ந்தது போல. வலது பக்கம் அதுவும் இல்லை. சின்னதாக்கினால் மெல்லிய கோடு சாகும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆபீசில் இப்படி ஒரு காப்பி வந்தால் குறுக்கே ஒரு பெரிய சிவப்புக் கோடு போட்டு, வரைந்தவரின் மேசைக்கே போய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

“நல்லா வந்திருக்குல்ல அண்ணி?” என்றான் தம்பி.

“ம்” என்றாள்.

*

மறுநாள் சாயங்காலம் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அந்தப் படத்தக் காட்டு, பாக்கலாம்” என்றார்.

அவள் பெரிய தாளைக் கொண்டுவந்து போர்வையின் மேல் விரித்தாள். மாமியாரின் முழங்கால்களுக்கு மேல் வீடு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. வாசல் எது, சமையலறை எது என்று விரலை வைத்துச் சொன்னாள். மாமியார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கல்யாணமாகி வந்த வீட்டைத் தலைக்கு மேலிருந்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“ஜன்னல் யாருக்கு?”

“தம்பிக்கு. ஆனா அதை இடிச்சு வாசலாக்கப் போறாரு.”

“அப்ப யாருக்கும் இல்ல.”

“ஆமா அத்தை.”

“குளியலறை உங்களுது.”

“ஆமா.”

விரல் நடுச்சுவரின் மேல் மெதுவாகப் போய் நின்றது. “இதுல நான் எங்க இருக்கேன்?”

அவள் காட்டினாள். ஒன்றை, பிறகு மற்றதை. மாமியார் தாளைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ரொம்ப இளைச்சிருக்கேனே.”

“கோடு அப்படி அத்தை.”

“சுவரெல்லாம் குண்டுக் குண்டா இருக்கு. என்னை மட்டும் எறும்பு போன மாதிரி போட்டிருக்க. உங்க ஆபீஸ்ல இப்படித்தான் போடுவாங்களா?”

“நகர்ற சாமானுக்கு இப்படித்தான் போடணும். இங்கயும் வரும், அங்கயும் வரும்னு காட்டறதுக்கு.”

மாமியார் தாளைக் கீழே இறக்கினார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். கோபம் ஏதும் இல்லை. ஒரு தகவலைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னார். “நான் எங்கம்மா நகர்றேன்? நகர்த்தினாத்தான் உண்டு.”

பிறகு, “தூக்கிவிடு, போயிட்டு வந்துடறேன்” என்றார். அவள் ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை அக்குளுக்கும் கொடுத்துத் தூக்கினாள். மாமியாரின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் குளியலறை வரைக்கும் போயிற்று. வெளியே நின்று காத்திருந்தபோது கண்ணை மூடி, கதவு நிலையில் தலையைச் சாய்த்தாள். அப்படியே ஒரு துளி தூங்கியும் போனாள். உள்ளேயிருந்து “ஏம்மா” என்ற குரல் கேட்கும்வரை.

அடுத்த நாள் ஆபீசில் ப்ளானைத் திறந்தாள். இடது பக்கத்துக் கட்டிலைத் தொட்டு, கோட்டின் வகையைத் தடித்த முழுக்கோடு என்று மாற்றினாள். கட்டில் பளிச்சென்று எழுந்து நின்றது. சொந்த வீட்டுக்குள், சொந்த அறைக் கதவுக்கு நேரே. அதைப் பார்த்தபடி இருந்தாள். மாமியாருக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த உடனேயே அதைத் துரத்தினாள். மாற்றியதை ரத்து செய்தாள். வலது பக்கத்துக் கட்டிலை மாற்றினாள். அதுவும் பளிச்சென்று நின்றது. ஜன்னல் இருந்த இடத்து வாசலுக்கு நேரே, குளியலறை இல்லாத பக்கத்தில். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு குனியும் ஓரகத்தியை நினைத்தாள். அவள் தூக்குவாள்தான். எப்படித் தூக்குவாள் என்பதுதான். அதையும் ரத்து செய்தாள்.

“முடிச்சாச்சா வீட்டை?” என்றார் எதிர் மேசையிலிருந்து பூதக்கண்ணாடி, தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“முடிச்சாச்சு.”

“எது தடிச்ச கோடு?”

அவள் கோப்பை மூடினாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்றாள்.

*

கொத்தனார் விடுமுறை நாளில் வந்தார். வெற்றுக் காலோடு கூடத்தை ஒரு முறை நடந்து பார்த்தார். முட்டிவரை சுருட்டிய கால்சட்டையில் பழைய சிமெண்ட். அவரிடம் தம்பி கொடுத்த சின்னக் காப்பி இருந்தது. நான்காக மடித்து, மடிப்பில் வெற்றிலைக்கறை போல ஏதோ அழுக்கு. கட்டிலிலிருந்து மெத்தையைச் சுருட்டி எடுத்து அறைக்குள் வைத்திருந்தார்கள். மாமியாரை வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வாக்கர் அவருக்கு முன்னால், வேலி மாதிரி.

பின்சுவரில் ஒரு ஆணி, முன்சுவரில் ஒரு ஆணி. கொத்தனார் அளந்து அடித்தார். நூலைக் கட்டித் தரையோடு தரையாக இழுத்தார்.

“கட்டில் காலு இடிக்குது. எடுங்க.”

தலைமாட்டைக் கணவன் பிடித்தான், கால்மாட்டைத் தம்பி. “ஒண்ணு, ரெண்டு” என்று தூக்கினார்கள். இரும்புக் கட்டில், பழைய காலத்துக் கனம். கொத்தனார் குனிந்து அதன் அடியில் நூலைச் செலுத்தி, மறுமுனையில் இறுக்கிக் கட்டினார். நூல் விண்ணென்று நின்றது. விரலால் ஒரு சுண்டு சுண்டினார்.

“ம், வைங்க.”

“எங்க வைக்கறது?” என்றான் தம்பி.

“எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.”

“எந்தப் பக்கம்?”

கொத்தனார் சட்டைப் பையிலிருந்து காப்பியை எடுத்து விரித்தார். ஒருமுறை திருப்பிப் பிடித்தும் பார்த்தார். “இதுல கட்டிலையே காணோமே. வாசல் இருக்கு, ஜன்னல் இருக்கு, மண்ணுக்குள்ள ஓடற பைப்புகூட இருக்கு.” அவளைப் பார்த்துச் சிரித்தார். “படுக்கறதுக்கு எடம் விடலயா எஞ்ஜினியரம்மா? உக்காந்தே தூங்கற குடும்பமா?”

யாரும் சிரிக்காததைக் கண்டு காப்பியை மடித்துக்கொண்டார்.

“அண்ணிதானே வரைஞ்சாங்க” என்றான் தம்பி. அவன் கைகளில் நரம்பு புடைத்திருந்தது.

“சொல்லு” என்றான் கணவன். “கை விடுது.”

ஓரகத்தி தன் அறை வாசலில் நின்றாள். கழுத்து டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் கட்டிலைப் பார்க்கவில்லை.

“எனக்காக யாரும் தூக்கிட்டு நிக்க வேணாம்” என்றார் மாமியார் நாற்காலியிலிருந்து. “கீழ வைங்கடா.”

இருந்த இடத்திலேயே வைக்க முடியாது. நடுவில் நூல் ஓடியிருந்தது. கட்டில் நின்ற இடத்தில் நான்கு துருவளையங்கள் தரையில் பதிந்திருந்தன. நூலுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. வளையங்களுக்கு நடுவே தரை மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. அங்கே யார் காலும் படவில்லை, துடைப்பமும் சரியாகப் போகவில்லை. அவள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், தாளில் இருக்க வேண்டியதை அவள் முகத்தில் தேடுகிறவர்கள் போல. அவளுக்குக் கண் எரிந்தது. இந்த நிமிஷம் இங்கேயே படுத்துவிடலாம் போல இருந்தது, இந்த வெளுத்த தரையில், நூலுக்குப் பக்கத்தில்.

கொத்தனாரின் காதில் ஒரு சுண்ணக்கட்டி செருகியிருந்தது. கையை நீட்டி அதைக் கேட்டாள். கொடுத்தார்.

இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். அங்கேயே மண்டியிட்டாள். தன் அறைக் கதவுக்கு நேரே, நூலிலிருந்து ஒரு கை தள்ளி, சுண்ணக்கட்டியைத் தரையில் ஊன்றினாள். அதில் மெல்லிய கோடு வராது. அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே பருமன். இழுத்தாள். கட்டிலின் நீளப்பக்கம். வெள்ளையாக, விரல் தடிமனுக்கு, நூலுக்கு இணையாக நேராக வந்தது. அடிக்கோல் இல்லாமலே அவளுக்கு நேராக வரும்.

பாதி நீளத்தில் கை எழும்பியது. அவள் எழுப்பவில்லை. பேன்டம் கோட்டுக்குப் பழகிய கை தானாக எழும்பியது.

“என்னம்மா, அவ்வளவுதானா?” என்றார் மாமியார்.

சுண்ணக்கட்டியின் நுனி கோடு நின்ற இடத்துக்குச் சற்று மேலே இருந்தது. அவளுக்கு மேலே, அண்ணனும் தம்பியும் பிடித்திருந்த கட்டிலின் நான்கு கால்களும் காற்றில் லேசாக ஆடின. ஒரு காலின் அடியிலிருந்து துரு உதிர்ந்து, வெள்ளைக் கோட்டின் மேல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.